மைனஸ் ஓட்டும் பிறவிப் பெரும்பான்மையும்

(இணைய விவாதங்களில் சாதி குறித்து இளம் தோழர்கள் நடத்திய கலந்துரையாடலில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

இந்தக் கூட்டத்துக்கு முன்பாகவே ஒரு யோசனை சுற்றுக்கு விடப்பட்டது. எல்லோரும் படித்திருப்பீர்கள். இணைய விவாதக் குழுக்களில் இடஒதுக்கீட்டையும் அம்பேத்கரையும் இழிவுபடுத்தி எழுதுகிறவர்களின் கமெண்டுகளுக்கு நம் தோழர்கள் நூறு பேர் ஒரே நேரத்தில் டவுன்வோட் போட வேண்டும், அதற்கென்று ஒரு வாட்ஸப் குழு வேண்டும், சுட்டி வந்த பத்து நிமிடத்தில் எல்லோரும் போய்க் குத்திவிட வேண்டும் என்பது யோசனை. எழுதிய தோழர் முன்வரிசையில்தான் இருக்கிறார். அவருடைய கோபத்தில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் இந்த யோசனையை எதிர்க்கத்தான் நான் பேச வந்திருக்கிறேன். முடிந்த பிறகு சண்டை போடலாம்.

மைனஸ் ஓட்டு தமிழர்களுக்குப் புதியதில்லை. இங்கே இருக்கிற இளையவர்கள் பலர் பள்ளிக்கூடத்தில் இருந்த காலத்தில் தமிழில் வலைப்பூக்கள் செழித்தன. தமிழ்மணம் திரட்டியின் ஓட்டுப்பட்டையில் பிளஸ்ஸும் இருந்தது, மைனஸும் இருந்தது. சாதியைப் பற்றி ஒருவர் எழுதினால் படித்து முடிக்கிற நேரத்துக்கு முன்பாகவே மைனஸ் விழும். 'மைனஸ் குத்திட்டுப் போயிட்டாங்க' என்பது அன்றைய பதிவர்களின் அன்றாடப் புலம்பல். யார் குத்தினார், எதற்குக் குத்தினார் என்று தெரியாது. எழுதியவர் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

அந்த மைனஸ் இன்று பெரிய இயந்திரமாக வளர்ந்திருக்கிறது. முகநூலில் பதிவைக் கீழே இறக்குகிற பொத்தான் கிடையாது. அங்கே நம் கோபம் வேறு மாதிரி வேலை செய்தது. 2017இல் தொடங்கி, ஒரு கோபக் குறிக்கு ஐந்து லைக்கின் மதிப்பைக் கொடுத்து முகநூல் பதிவுகளை மேலே ஏற்றியது என்பது 2021இல் கசிந்த அதன் உள் ஆவணங்களால் தெரியவந்தது. திட்டத் திட்ட வளர்ந்தான் என்பார்களே, அது.

ரெட்டிட் வேறு வழியில் போனது. 2005இல் தொடங்கிய தளம் அது. பதிவுக்கும் கமெண்டுக்கும் பக்கத்தில் இரண்டு அம்புகள், ஒன்று மேலே, ஒன்று கீழே. கமெண்டின் கணக்கு ஓரளவுக்குக் கீழே இறங்கினால் அது சுருங்கி மூடிக்கொள்ளும். தேடித் தொட்டால்தான் திறக்கும். ஒரு குழுவில் உங்கள் கணக்கு மைனஸாகிவிட்டால், அடுத்த கமெண்ட் போட நிமிடக்கணக்கில் காத்திருக்கும்படி ஆகலாம். ஆக டவுன்வோட் என்பது 'எனக்கு இதில் உடன்பாடில்லை' என்று சொல்வதோடு நிற்பதில்லை. அது அடுத்தவர் கண்ணிலிருந்து ஒரு வாக்கியத்தை எடுத்துவிடுகிறது, எழுதியவரின் வாயையும் கொஞ்ச நேரம் பொத்துகிறது. உடன்பாடில்லை என்பதற்காக மட்டும் அதைப் போடாதீர்கள், விவாதத்துக்கு உதவாததற்குப் போடுங்கள் என்று ரெட்டிட்டின் நடத்தைக் குறிப்பிலேயே இருக்கிறது. சாலையோரம் 'இங்கே சிறுநீர் கழிக்காதீர்' என்று எழுதியிருக்கிற சுவரைப் போலத்தான் அந்தக் குறிப்பும்.

இன்னொரு நுணுக்கம். 2008இல் ரெட்டிட் தன் நிரலைத் திறந்து காட்டியது. பதிவுகளை வரிசைப்படுத்தும் சூத்திரத்தில் மடக்கை இருந்தது. பள்ளிக்கூடத்தில் படித்த அதே மடக்கைதான், பயப்பட வேண்டாம். அதன்படி முதல் பத்து ஓட்டுக்கு என்ன கனமோ, அதே கனம்தான் அடுத்த தொண்ணூறு ஓட்டுக்கும். எனவே ஒரு பதிவின் தலையெழுத்தை எழுதுகிறவர்கள் அதைப் படிக்கிற ஆயிரம் பேர் இல்லை. 'புதியவை' பக்கத்தில் காத்துக்கிடக்கிற நான்கைந்து பேர். அவர்கள் முதல் சில நிமிடங்களில் கீழே தள்ளிவிட்டால் அந்த ஆயிரம் பேருக்கு அப்படி ஒரு பதிவு வந்ததே தெரியாது.

இதில் நமக்கு என்ன பிரச்சினை? வேலை இல்லாதவர்கள் எல்லோரையும்தானே குத்துகிறார்கள் என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. இதற்கு அம்பேத்கரிடம் போக வேண்டும்.

1945 மே மாதம் பம்பாயில், பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் மாநாட்டில் அவர் ஓர் உரை நிகழ்த்தினார். அரசியல் பெரும்பான்மை வேறு, வகுப்புப் பெரும்பான்மை வேறு என்பது அதில் அவர் வைத்த முக்கியமான வாதம். முதலாவது கருத்தால் உருவாவது. அது கலையும், மறுபடி கூடும். இன்றைக்குச் சிறுபான்மையாக இருக்கிற கருத்து நாளைக்குப் பெரும்பான்மையாகலாம். இரண்டாவது பிறப்பால் அமைவது. அதற்குள்ளே போகவும் வழியில்லை, அது கரைந்துபோகவும் வழியில்லை. இந்தியாவில் இருப்பது இந்த இரண்டாவது வகை என்றார். ஆகவே எண்ணிக்கையில் பெரிது என்பதற்காகவே அதனிடம் முழு அதிகாரத்தைக் கொடுக்க முடியாது என்றார்.

மேல் அம்பையும் கீழ் அம்பையும் வடிவமைத்த பொறியாளர்கள் மனதில் இருந்தது முதல் வகைப் பெரும்பான்மை. எந்த நிரல்மொழி நல்லது, எந்த செல்பேசி வாங்கலாம் என்கிற விவாதத்துக்கு அது பொருந்தும். போன வருடம் தோற்ற கருத்து இந்த வருடம் ஜெயிக்கும். ஆனால் நம் நாட்டு விஷயங்களை ஆங்கிலத்தில் விவாதிக்கிற குழுக்களில் இடஒதுக்கீடு என்ற சொல் விழுந்தவுடன் கணக்கு இரண்டாவது வகைக்கு மாறிவிடுகிறது. அங்கே யார் எவ்வளவு பேர் என்று எண்ணிப் பார்த்தாயா என்று கேட்பீர்கள். எண்ண வேண்டியதில்லை. எந்தக் கேள்வி வந்தாலும், எந்த ஆண்டு வந்தாலும், எந்தப் பதில் மேலே நிற்கிறது, எது சுருங்கிக் கிடக்கிறது என்று பாருங்கள். நீட் முடிவு வந்தால் அதே, ஐஐடியில் ஒரு மாணவர் தற்கொலை செய்துகொண்டால் அதே. விவாதம் நடந்திருந்தால் ஒரு தடவையாவது முடிவு மாறியிருக்குமே.

அங்கே மேலே ஏறுகிற தலித் குரல் ஒன்று உண்டு. அதையும் கவனித்திருப்பீர்கள். 'நானும் எஸ்சிதான், ஆனால் எனக்கு இடஒதுக்கீடு வேண்டாம், அது அவமானம்' என்று ஒருவர் எழுதுவார். அப்வோட் அள்ளிக்கொண்டு போகும். எழுதியவர் யார், நிஜமாகவே எஸ்சிதானா என்று எவருக்கும் தெரியாது, யாரும் கேட்பதுமில்லை. அதற்கு நேர் கீழே தன் பெயரோடும் ஊரோடும் தன் கல்லூரி அனுபவத்தை எழுதிய இன்னொருவரின் கமெண்ட் மூடிக் கிடக்கும். இந்தக் காட்சி 1932இன் காட்சி. தனி வாக்காளர் தொகுதி எதற்கு என்ற கேள்விக்கு அம்பேத்கர் சொன்ன காரணம் இதுதான். எல்லோரும் சேர்ந்து ஓட்டுப் போடுகிற கூட்டுத் தொகுதியில் எந்தத் தீண்டப்படாதவர் ஜெயிக்க வேண்டும் என்று முடிவு செய்கிறவர்கள் தீண்டத்தக்கவர்களாகவே இருப்பார்கள். இடம் நமக்கு, தேர்வு அவர்களுக்கு. பூனா ஒப்பந்தத்தில் இடங்கள் 71இலிருந்து 148 ஆகக் கூடின, தேர்வு செய்கிற உரிமை போய்விட்டது. எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறாதே என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. டவுன்வோட்டைத் தீண்டாமை என்றோ வன்கொடுமை என்றோ நான் சொல்ல வரவில்லை. அப்படிப் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அம்பேத்கர் உறுப்பினராக இருந்த ஸ்டார்ட் குழு 1930இல் கொடுத்த அறிக்கையைப் படியுங்கள். பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுத்ததற்கு, நல்ல துணி உடுத்தியதற்கு, குதிரையில் மாப்பிள்ளை ஊர்வலம் போனதற்கு, கூலி வேலையையும் கடைச் சாமானையும் நடக்கிற பாதையையும் ஊரே சேர்ந்து நிறுத்திவிடும். அது உயிர் போகிற விஷயம். 2016 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிற வன்கொடுமைத் தடுப்புச் சட்டத் திருத்தம் சமூகப் புறக்கணிப்பையும் பொருளாதாரப் புறக்கணிப்பையும் குற்றமாக்கியிருப்பது அதனால்தான். அதை ஒரு கமெண்ட் சுருங்கிப்போவதோடு ஒப்பிடக் கூடாது. ஆனால் பழக்கம் ஒன்றுதான் என்பேன். ஊர்க்கட்டுப்பாட்டில் எந்தத் தனி ஆளும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. கேட்டால் 'ஊர் முடிவு' என்பார்கள். கீழ் அம்பும் அந்த வசதியைத்தான் தருகிறது.

சரி, கீழ் அம்பு எளியவனுக்கு உதவியதே இல்லையா? உதவியிருக்கிறது. 2017 நவம்பரில் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற பெரிய விளையாட்டு நிறுவனம், காசு கொடுத்து வாங்கிய விளையாட்டில் முக்கியப் பாத்திரங்களைத் திறக்க மறுபடி மணிக்கணக்கில் உழைக்க வேண்டும், இல்லையென்றால் இன்னும் காசு கட்ட வேண்டும் என்கிற ஏற்பாட்டை ரெட்டிட்டில் நியாயப்படுத்தியது. அந்த ஒரு கமெண்டுக்கு 6 லட்சத்துக்கும் மேல் மைனஸ் விழுந்தது, கின்னஸ் சாதனை ஆனது. சில நாட்களிலேயே நிறுவனம் இறங்கி வந்து, காசு வாங்கும் ஏற்பாட்டை நிறுத்தி வைத்தது. நல்ல விஷயம். ஆனால் அங்கே ஒரு பக்கம் கம்பெனி, இன்னொரு பக்கம் வாடிக்கையாளர்கள். எண்ணிக்கை எளியவர்கள் பக்கம் இருந்தது. 2020 ஆகஸ்டில் 'சடக் 2' இந்திப் பட முன்னோட்டத்துக்கு யூடியூபில் ஒரு கோடிக்கும் மேல் டிஸ்லைக் விழுந்ததே, அது என்ன? வாரிசு நடிகர்களுக்கு எதிரான போராட்டம் என்றார்கள். ஓர் இளம் நடிகரின் மரணத்தில் தொடங்கி, தொலைக்காட்சிகள் ஒரு பெண்ணை வேட்டையாடியதில் போய் நின்ற கோபம் அது. போராட்டமா, கும்பலா என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்வது கஷ்டம். சிறிய ஆட்களைக் குறிவைத்து டிஸ்லைக் தாக்குதல் நடக்கிறது என்று சொல்லித்தான் 2021 நவம்பரில் யூடியூப் அந்த எண்ணிக்கையை மறைத்தது. பெரிய கம்பெனிகளைக் காப்பாற்றத்தான் என்று பலர் சொன்னார்கள். இரண்டிலும் உண்மை இருக்கலாம்.

இப்போது நம் தோழரின் யோசனைக்கு வருகிறேன். இந்த வேலையை முன்பே செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். டிக் என்று ஒரு தளம் இருந்தது, ரெட்டிட்டுக்கும் மூத்தது. அதில் 'புதை' என்றே ஒரு பொத்தான். 2010இல் அமெரிக்க வலதுசாரிகள் சுமார் நூறு பேர் யாஹூவில் ரகசியக் குழு வைத்து, தாராளவாதச் செய்திகளைக் கண்டவுடன் சேர்ந்து புதைத்துக்கொண்டிருந்தது அம்பலமானது. அதே எண்ணிக்கை, அதே முறை. இன்றைக்கு வாட்ஸப், அவ்வளவுதான் வித்தியாசம். அவர்கள் செய்தார்கள் என்பதற்காக நாம் செய்யக் கூடாதா என்று கேட்கலாம். நான் ஒழுக்கம் பேசவில்லை, கணக்குப் பேசுகிறேன். நூறு பேரைத் திரட்டுவது நமக்கு மலை. அவர்களுக்கு ஐந்நூறு பேர் ஒரு மாலைப் பொழுது. இந்த ஆட்டத்தின் விதியே எண்ணிக்கை என்றால், நாம் ஒப்புக்கொண்ட நிமிடத்தில் தோற்றுவிட்டோம். திட்டமிட்டுக் கூட்டாக ஓட்டுப் போடுவது ரெட்டிட்டின் விதிப்படி தடை செய்யப்பட்டது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புகார் போனால் முதலில் முடக்கப்படுவது நம் கணக்குகள்தான்.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது, அதைத்தான் இன்று சொல்ல வந்தேன். ஒரு கமெண்ட் சுருங்கும்போது அதற்குக் கீழே இருக்கிற பதில்களும் சேர்ந்து சுருங்குகின்றன. அவன் கேவலமாக ஒன்று எழுதுகிறான். நம் தோழர் ஒருவர் இரவு உட்கார்ந்து, தரவு தேடி, பொறுமையாகப் பதில் எழுதுகிறார். நூறு பேர் போய் அவனுக்கு மைனஸ் குத்துகிறோம். அவன் மூடப்படுகிறான், அவனோடு நம் தோழரின் பதிலும் மூடப்படுகிறது. ஆறு மாதம் கழித்து கூகிளில் தேடி அங்கே வருகிற பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு இரண்டுமே கண்ணில் படாது. அவனைப் போன்றவன் வேறோர் இடத்தில் அதையே மறுபடி எழுதுவான். நம் பதில் மட்டும் செத்துப்போயிருக்கும்.

அவனாவது திருந்துவானா என்றால் அதுவும் இல்லை. 2014இல் ஜஸ்டின் செங்கும் உடன் இருவரும் நான்கு தளங்களின் கமெண்டுகளை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மைனஸ் வாங்கியவர்கள் அதற்குப் பிறகு அதிகமாக எழுதினார்கள், இன்னும் மோசமாக எழுதினார்கள், மற்றவர்களுக்கும் அதிகமாக மைனஸ் போட்டார்கள் என்பது அதன் முடிவு. தளத்தை விட்டுப் போகிற வாய்ப்பு யாருக்கு அதிகம் தெரியுமா? பிளஸ்ஸும் இல்லாமல் மைனஸும் இல்லாமல், யாரும் கண்டுகொள்ளாமல் விட்டவர்களுக்கு. இதில் நமக்கு இரண்டு செய்தி இருக்கிறது. சாதி வெறியனுக்கு நூறு மைனஸ் என்பது நூறு பேர் கவனித்தார்கள் என்கிற பரிசு. புதிதாக எழுத வருகிற நம் பிள்ளையை நாம் கண்டுகொள்ளாமல் விட்டால், அந்தப் பிள்ளை போய்விடும். எதிரியின் கமெண்டைத் தேடி ஓடுகிற நேரத்தில் நம் ஆட்கள் எழுதியதைப் படித்து ஒரு வரி பதில் போட்டோமா?

அப்படியானால் எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிடச் சொல்கிறாயா என்றால், இல்லை. சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவது, பெண்களை மிரட்டுவது, இதெல்லாம் கருத்து இல்லை. அதற்கு டவுன்வோட் போதவே போதாது. புகார் கொடுங்கள், திரைப்பதிவு எடுத்து வையுங்கள், சட்டப்படி போக வேண்டியதில் போங்கள். வசவுக்கும் மைனஸ், மாற்றுக் கருத்துக்கும் மைனஸ் என்று ஒரே பொத்தானை வைத்ததுதான் இந்த இயந்திரத்தின் அடிப்படைக் கோளாறு. இதை யோசித்தவர்கள் இருக்கிறார்கள். 1997இல் தொடங்கிய ஸ்லாஷ்டாட்டில் ஒருவரைக் கீழே இறக்க வேண்டுமென்றால் காரணத்தைத் தேர்வு செய்ய வேண்டும். வம்புக்கு இழுக்கிறார், விஷயத்துக்குத் தொடர்பில்லை என்று காரணங்கள் இருந்தன. 'உடன்பாடில்லை' என்று ஒரு காரணம் அந்தப் பட்டியலிலேயே இல்லை. நீங்கள் பேசுகிற விவாதத்தில் நீங்களே மதிப்பெண் போடவும் முடியாது. ஸ்டாக் ஓவர்ஃபுளோவில் ஒருவரின் பதிலுக்கு மைனஸ் போட்டால் அவருக்கு 2 புள்ளி குறையும், போட்ட உங்களுக்கும் 1 குறையும். கை கொஞ்சம் தயங்கும். இத்தனைக்குப் பிறகும், புதியவர்களுக்கும் பெண்களுக்கும் வெள்ளையர் அல்லாதவர்களுக்கும் எங்கள் தளம் வரவேற்பாக இல்லை என்று 2018இல் அவர்களே எழுதி ஒப்புக்கொண்டார்கள். விதி மட்டும் போதாது என்பது உண்மைதான், ஆனால் விதியே இல்லாமல் நல்லெண்ணத்தை நம்புவது அதைவிட மோசம்.

நம் கையில் இருக்கிற குழுக்களில் இதைச் செய்யலாம். இங்கே மாடரேட்டர்களாக இருக்கிற தோழர்கள் ஏழெட்டுப் பேராவது இருக்கிறீர்கள். உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், கோபப்படாதீர்கள். முற்போக்காளர்கள் கூடுகிற ஒரு குழுவில், பெயர் வேண்டாம், தலித் பெண் தோழர் ஒருவர் ஒரு கேள்வி கேட்டார். சாதி ஒழிப்புக் கூட்டங்களில் தேநீர் போடுவதும் நாற்காலி எடுத்து வைப்பதும் ஏன் எப்போதும் எங்கள் வேலையாக இருக்கிறது, மேடையில் ஏன் நீங்களே இருக்கிறீர்கள் என்று கேட்டார். ஒரு மணி நேரத்தில் முப்பது மைனஸ். ஒரு பதில்கூட இல்லை. குத்திய முப்பது பேரில் பெரும்பாலானவர்கள் நம் ஆட்களாகத்தான் இருக்க முடியும், அந்தக் குழுவில் வேறு யாரும் கிடையாது. அவர் இப்போது அங்கே எழுதுவதில்லை. நூறு பேர் கொண்ட டவுன்வோட் படை ஒன்றை இன்றைக்கு நாம் கட்டினால், அடுத்த வருடம் அது யார் மீது பாயும் என்று யோசித்துப் பாருங்கள். படை என்று ஒன்று இருந்தால் சும்மா இருக்காது.

ஆகவே என் மாற்று யோசனை. வாட்ஸப் குழு இருக்கட்டும், வேலையை மாற்றுவோம். இந்தக் குழுக்களில் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகள் மொத்தம் பத்துப் பன்னிரண்டுதான். உதாரணத்துக்கு, 'சாதியைப் பார்க்காதே, ஏழ்மையைப் பார்த்துக் கொடு' என்பது. இதற்கு நான்கே வரியில் பதில் இருக்கிறது. 2019இல் அரசியலமைப்பின் 103ஆவது திருத்தம் பொருளாதார அடிப்படையில் 10 சதவீதம் கொடுத்தது. ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளில் ஒன்று. ஆனால் எஸ்சி, எஸ்டி, ஓபிசி ஏழைகள் அதில் சேர முடியாது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் 3க்கு 2 என்று அதைச் செல்லும் என்றது. ஏழ்மையைப் பார்த்துக் கொடுத்தபோதும் சாதியைப் பார்த்துத்தான் கொடுத்தார்கள். இதை அவனுடைய கமெண்டுக்குக் கீழே பதிலாகப் போடாமல் தனிக் கமெண்டாகப் போடுங்கள், அவன் சுருங்கினாலும் இது நிற்கும். நம் ஆள் ஒருவர் இப்படி எழுதியதைப் பார்த்தால் போய்ப் படியுங்கள், தவறு இருந்தால் திருத்துங்கள், கேள்வி இருந்தால் கேளுங்கள்.

தகுதி பற்றிய கேள்விக்கு ஒருவர், கிரீமி லேயருக்கு ஒருவர், 'இப்போதெல்லாம் யார் சாதி பார்க்கிறார்கள்' என்பதற்கு ஒருவர் வேண்டும். கடைசியாகச் சொன்னதற்கு இரண்டு பேர் வேண்டியிருக்கும். பதில் நூற்றைம்பது சொல்லுக்குள் இருக்கட்டும், தமிழிலும் ஆங்கிலத்திலும். தேநீர் இடைவேளையில் பெயரைக் கொடுத்துவிடுங்கள். தேநீரை இன்றைக்கு ஆண் தோழர்கள் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன்.